பலகையில் எழுத்தில்லாத ஊர்

என் கண்ணு கஸ்தூரிக்கு,

முதலில் என் கையெழுத்தை மன்னித்துக்கொள். வரி நேராகத்தான் தொடங்குகிறது. பாதி போவதற்குள் பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறுகிற மாதிரி மேலே ஏறிவிடுகிறது. 'ண' போடும்போது எத்தனை சுழி என்று இன்னும் வாய்க்குள் எண்ணிக்கொள்கிறேன். சில எழுத்து தடியாகவும் சில எழுத்து நூல் மாதிரியும் இருக்கும். அழித்து எழுதின இடத்தில் தாள் கிழிந்தும் இருக்கும். ஆனால் இது நானே எழுதுவது. யாரையும் உட்காரவைத்து எழுதச் சொன்னது இல்லை. எழுபது வயதைத் தாண்டி உன் அப்பா எழுதுகிற முதல் கடிதம் இது.

அதை நினைத்தால் எனக்கே சந்தோஷமாக இருக்கிறது. இந்தச் சந்தோஷத்தைச் சொல்ல நீ இல்லையே என்று நினைத்தால் பென்சில் நின்றுவிடுகிறது. அப்படி நின்று நின்றுதான் இந்தத் தாள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

சற்று முன்னால் உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, நாளைக்குப் பரிச்சையா? சோறு ஆறுது" என்றாள். "மகளுக்கு எழுதறேன்" என்றேன்.  என் தட்டை இன்னொரு தட்டால் மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஸ்டெல்லா டீச்சர்தான் எழுதச் சொன்னார். எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவர். எழுதி முடித்தால் ஞாயிற்றுக்கிழமை பத்திரிகைக்கு அனுப்பலாம் என்கிறார். நான் உனக்குத்தான் எழுதுகிறேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் காதில் விழுந்தால் விழட்டும்.

நான் ஏன் படிக்கப் போனேன் என்று கேட்பாய். நீ போன பிறகு கூடத்தில் உன் படத்தை மாட்டினோம். கண்ணாடிச் சட்டத்துக்குள் படத்துக்குக் கீழே ஏதோ எழுதியிருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் மட்டும் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பிள்ளை படத்துக்குக் கீழே இருப்பது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாவைக் கேட்கலாம். அவள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் படித்தவள். ஆனால் அவளைப் போய் அதைப் படி என்று எப்படிச் சொல்வது?

பெர்மாஸ் ஜெயாவில் நம் வீட்டு வரிசைக்குப் பின்னால் தேவாலய மண்டபம் இருக்கிறதல்லவா, அங்கே வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். எல்லாம் பெண்கள். மூலையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. டீச்சர், "ஐயா, முதல்ல உங்க பேரு எழுதலாமா?" என்றார்.

"என் பேரு கெடக்குது டீச்சர். கஸ்தூரின்னு எழுதக் கத்துக்குடுங்க."

"அதுல 'ஸ்' எல்லாம் வருதே ஐயா. மொத பாடத்துலயே கஷ்டமாச்சே."

"கஷ்டம்னு அன்னிக்கே யாராச்சும் சொல்லியிருந்தா வேற பேரு வச்சிருப்பேன்."

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். பிறகு யாரோ அவர் காதில் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் அவர் கரும்பலகையில் உன் பெயரை எழுதி, என் பக்கம் திரும்பாமலே கொஞ்ச நேரம் நின்றார்.

தமிழ்தான் முதுகை ஒடித்தது. மலாய் எழுத்து கொஞ்சம்தான், பேச்சும் தெரிந்த பேச்சு, அது சீக்கிரம் வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் கூடத்தில் செருப்பு மாட்டப் போனவன் உன் படத்தைப் பார்த்தேன். கீழே இருந்தது தானாகவே வாயில் வந்தது. 'கஸ்தூரி த/பெ மாணிக்கம்.' உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் இருந்தது, கண்ணு. இத்தனை நாளாக அங்கேயே இருந்திருக்கிறது. "அஞ்சல, படிச்சிட்டேன்டி!" என்று கத்தினேன். கத்தின பிறகுதான் எதைப் படித்தேன் என்பது உறைத்தது. உன் அம்மா கையில் கரண்டியோடு ஓடிவந்து நின்றாள். இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. பஸ்ஸில் போனால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கிறேன். படித்துக்கொண்டே இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிடுகிறேன். கிளினிக்கில் உட்கார்ந்து 'தண்டாஸ்' என்று கக்கூஸ் கதவில் இருப்பதைச் சத்தமாகப் படித்தேன். உன் அம்மா தொடையில் கிள்ளினாள். "ஊருக்கே தெரியும், நீங்க அறிவிக்க வேணாம்" என்றாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இதை டீச்சரிடம்கூடச் சொல்லவில்லை. படிக்கத் தெரிந்த பிறகு என் ஊர் காணாமல் போக ஆரம்பித்தது.

உனக்கு நினைவிருக்கும். நாம் அப்போது பாசிர் கூடாங்கில் இருந்தோம். துறைமுகத்தில் எனக்கு மூட்டை வேலை. ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா துணி துவைக்கவும் தூங்கவும் வீட்டில் இருப்பாள்; நீயும் நானும் பஸ் ஏறி ஜொகூர் பாரு டவுனுக்குப் போவோம். பஸ்ஸின் பெயர் எனக்குத் தெரியாது. பச்சைக் கோடு போட்ட பஸ். கடைகளின் பெயரும் தெரியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் என்னிடம் பெயர் இருந்தது. வாசலில் பெரிய பல் படம் தொங்கினது பல் கடை. சுவரில் சேவல் போட்டிருந்தது சேவல் கடை. மாடியில் மூன்று ஜன்னல் வைத்த காப்பிக் கடைக்கு மூணு ஜன்னல். மூலையில் இருந்தது நீலக் கதவு. "அப்பா, நீலக் கதவு வந்தா எறங்கணும்தானே?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பாய்.

ஒரு கையில் உன் கை, ஒரு கையில் பை, கக்கத்தில் குடை. மழை பிடித்துக்கொள்ளும். குடையை விரிக்க எந்தக் கையை விடுவது என்று யோசிப்பதற்குள் நனைந்துவிடுவோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலில் நின்று, "கொடை நனையக் கூடாதுன்னு பாத்து பாத்துக் கொண்டாந்திருக்காரு பாரு உங்கப்பா" என்பாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய்.

உனக்கு அப்போதே நன்றாகப் படிக்க வரும். பள்ளிக்கூடத்தில் பரிசெல்லாம் வாங்கினாய். ஆனாலும் ஒரு நாளும், "அப்பா, அதுக்குப் பேரு அது இல்லப்பா" என்று நீ சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை?

இப்போது படிக்கிறேன். சேவல் கடை ஒரு ஆணிக் கடை. அந்தச் சேவல் ஏதோ ஒரு சாமானுக்குப் போட்ட விளம்பரமாம், அதன் மேல் சுண்ணாம்பும் அடித்துவிட்டார்கள். நீலக் கதவு ஒரு வழக்கறிஞர் அலுவலகம். மூணு ஜன்னல் மேல் யாரோ ஒரு சீனருடைய பெயர் இருக்கிறது. எழுத்தை விலக்கிவிட்டுப் பழையபடி பார்க்கலாம் என்று முயற்சி செய்தேன். முடியவில்லை. கண் எழுத்தின் மேல்தான் போய் உட்காருகிறது. உன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த தெருவில் நின்றுகொண்டு, இது எந்தத் தெரு என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து டீ குடிக்க உட்கார்ந்தேன். நீ எனக்குச் செய்துகொடுத்த கோப்பையில்தான் இன்றும் குடிக்கிறேன். சுற்றிலும் டவுன் வரைந்திருப்பாயே, கைப்பிடி பக்கத்தில் ரயில் நிலையம், மற்றப் பக்கம் கடை வரிசை. கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பலகைகளைப் படிக்கப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எல்லாக் கடைக்கும் பலகை இருந்தது, சிவப்பு, மஞ்சள், பச்சை. ஒரு பலகையிலும் எழுத்து இல்லை. எத்தனை வருஷமாக அந்தக் கோப்பையில் குடிக்கிறேன்! படிக்கத் தெரிந்த பிறகுதான் தெரிந்தது, அதில் படிக்க ஒன்றும் இல்லை என்று. சின்னக் கோப்பை, எழுத இடம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். எழுந்து போய்க் கண்ணாடி அலமாரியில் இருக்கிற, நீ வரைந்த பூச்சாடியைப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான்.

அந்தச் சமயத்தில்தான் மேய் லிங் வீட்டுக்கு வந்தாள். நீ வேலை செய்த மண்பாண்டக் கூடத்தின் முதலாளி என்று உன் அம்மா இன்றும் சொல்வாள். நீ அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாய். அவள் மண்ணைச் சுற்றிப் பாண்டம் செய்வதும், சூளையில் ஒரு தடவை சுட்டு எடுத்ததும் நீ அதில் ஊரை வரைவதுமாக எத்தனை வருஷம் ஓடிவிட்டது. மேய் லிங் பேசுவது மலாய். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"அங்கிள், நான் மூவாருக்குத் தங்கச்சி வீட்டுக்கே போகப்போறேன். கட்டடத்த வித்துட்டாங்க லா. சூளையக் கழட்டிடுவாங்க. கஸ்தூரியோட ஜாடி ஒண்ணு நிக்குது. வரைஞ்சு முடிச்சிட்டா. மேல பூச்சு பூசி இன்னொரு தடவ சுடணும். வீட்டுக்குன்னு சொல்லி வச்சிருந்தா, விக்கிறதுக்கு இல்லன்னு."

அந்த ஜாடிதான், கண்ணு. "லேசாக் காய்ச்சல்பா, நாளைக்குச் சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டு நீ வரைந்துகொண்டிருந்த ஜாடி. டெங்கிக் காய்ச்சல் என்று தெரிந்தபோது உன் விரல் நகத்தில் கறுப்புச் சாயம் இருந்தது. ஆஸ்பத்திரியில் யாரும் அதைக் கழுவவில்லை. அப்படியேதான் போனாய்.

உன் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வந்தாள். "மறுபடியும் சுடணுமா?" என்று மலாயில் கேட்டாள்.

"ஆமா ஆன்ட்டி. சுடாட்டி அது பச்சச் சாயம், நிக்காது."

"வேணாம்" என்றாள் அம்மா. "அவளத் தூக்கி ஒரு தடவ நெருப்புல குடுத்தமே, அது போதாதா? அவ கடைசியா கை வச்ச பொருள் ஒண்ணு மிச்சம் இருக்கு, அதையும் நெருப்புல வைக்கணுமா?" பிறகு என்னைப் பார்த்து, "நீங்க சரின்னு சொன்னீங்க, அப்புறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்றாள்.

மேய் லிங்குக்குத் தமிழ் புரியாது. ஆனால் புரிந்துகொண்டாள். மாசக் கடைசிவரை நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு என்ன ஆசை வந்தது தெரியுமா? அந்த ஜாடியிலும் பலகைகள் காலியாகத்தானே இருக்கும்? சுடுவதற்கு முன்னால் ஒரு பலகையில் உன் பெயரை என் கையால் எழுதிவிட வேண்டும் என்று ஆசை. மேய் லிங்குக்குப் போன் போட்டுக் கேட்டேன். தூரிகை தருகிறேன் என்றாள். ஒரு தடவைதான் எழுதலாம், சுட்ட மண் சாயத்தை உறிஞ்சிவிடும், துடைத்தால் கலங்குமே தவிரக் கறை முழுசாகப் போகாது என்றாள். எழுதுவது சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்க வேண்டும் என்றாள். நான் பழைய தூரிகை ஒன்றை எடுத்து நாளிதழ் ஓரத்தில் எழுதிப் பழகினேன். 'ஸ்' வரும்போது கை ஆடும். மறுபடி எழுதுவேன். அம்மா பார்த்துக்கொண்டே போவாள், வருவாள். நெருப்பைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. 

ஒரு காலையில் அவளே புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "பாத்துட்டு வருவோம். பாக்கத்தான். சரின்னு சொன்னதா நெனச்சிக்காதீங்க."

மண்பாண்டக் கூடத்தில் பாதி சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. உன் முக்காலி இருந்தது. நீ கை துடைக்கிற துணி ஆணியில் தொங்கினது. மேய் லிங் மேசைமேல் இருந்த துணியை விலக்கினாள்.

எவ்வளவு பெரிய ஜாடி! உன் அம்மா இடுப்பில் வைத்தால் குடம் மாதிரி இருக்கும். சுற்றிலும் டவுன். அந்தக் காலத்து டவுனும் இந்தக் காலத்து டவுனும் ஒன்றாகக் கலந்து. பாலத்தில் சிங்கப்பூருக்குப் போகிற மோட்டார் சைக்கிள் கூட்டம், பூக்கடைத் தெரு, கோயில் கோபுரம், அதற்குப் பின்னால் முளைத்த உயரமான கண்ணாடிக் கட்டடங்கள். நடுவில் கடை வரிசை. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. பல் கடை, சேவல் கடை, மூணு ஜன்னல், நீலக் கதவு. சேவலுக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை நீ. பஸ் நிற்கிற இடத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள், முதுகைக் காட்டிக்கொண்டு, கக்கத்தில் மடக்கிய குடையோடு. பக்கத்தில் யாரும் இல்லை.

உன் அம்மா கையை நீட்டி அந்தக் கடை வரிசையைத் தொட்டாள். "ஆன்ட்டி, ஜாகா, ஜாகா! பாத்து!" என்று மேய் லிங் பதறினாள். அம்மா கையை எடுத்துப் பார்த்தாள். விரல் நுனியில் நீலம். ஜாடியில் நீலக் கதவின் ஓரம் கொஞ்சம் மங்கிப்போயிருந்தது. உன் அம்மா அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். புடவையில் துடைக்கப் போனவள் துடைக்கவில்லை. கையை மூடிக்கொண்டாள்.

"தொட்டா போயிடுதே" என்றாள் என்னிடம். "தொட முடியாத பொருள வீட்டுல வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?" பிறகு மேய் லிங் பக்கம் திரும்பி மலாயில் சொன்னாள். "பாக்கார் லா. சுட்டுடு."

சொல்லிவிட்டு உன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மேய் லிங் எனக்குச் சாயம் குழைத்துத் தந்தாள். தூரிகையை வாங்கினேன். என் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். "எந்தப் பலகைல எழுதட்டும்? அவ எதுல எழுதணும்னு இருந்தா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அங்கிளுக்குத் தெரியாதா? அவ எதுலயுமே எழுத மாட்டா. சிங்கப்பூர்லேர்ந்து வாங்க வர்றவங்க கேப்பாங்க, ஏன் போர்டு எல்லாம் கோசோங்னு. காலியா இருக்கேன்னு. நான்கூட மொதல்ல ஏசினேன், சோம்பேறின்னு. அவ சிரிப்பா. 'இத்து பண்டார் பாபா சாயா' ம்பா."

இது எங்கப்பாவோட ஊரு.

மேய் லிங் தொடர்ந்து பேசினாள். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பார்த்த டவுனில் எழுத்தே கிடையாது என்று சொல்வாயாம். நிறமும் கதவும் படமும்தான் உண்டு என்பாயாம். எழுதிவிட்டால் அது வேறு யாருடைய ஊராகவோ ஆகிவிடும் என்பாயாம்.

இத்தனை பேரிடம் சொன்னாய். என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொன்னால் எனக்குத் தலைகுனிவாக இருக்கும் என்று நினைத்தாயா? இல்லை, எனக்குத் தெரியும் என்றே நினைத்துவிட்டாயா? ஒவ்வொரு பாண்டத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, "இது என்ன கடை சொல்லுங்க பாப்போம்" என்று கேட்பாயே. நான் சரியாகச் சொல்வேனே. அதுவே போதும் என்று இருந்துவிட்டாயா?

தூரிகையில் சாயம் காய்ந்துகொண்டிருந்தது. எழுதியிருக்கலாம், கண்ணு. அன்று கைகூட ஆடவில்லை. 'ஸ்' நன்றாக வந்திருக்கும். ஆனால் நான் தொலைத்துவிட்டுத் தெருவெல்லாம் தேடின ஊர் அங்கே முழுசாக இருந்தது. அதில் போய் நான் எழுத்தை வைக்கவா? தூரிகையைத் தண்ணீர்க் குவளையில் போட்டேன். நீல வட்டமாகக் கரைந்தது. "எழுதலியா?" என்றாள் உன் அம்மா. "எழுதிட்டா அவ திட்டுவா" என்றேன்.

பிறகு மேய் லிங் ஜாடியை அந்த வெள்ளைக் குழம்பில் முக்கி எடுத்தாள். நெருப்பில் உருகிக் கண்ணாடியாகிற குழம்பு. நீ அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய், ஆனால் நாங்கள் பார்த்ததில்லை. ஜாடி வெளியே வந்தபோது மாவில் புரட்டினது மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தது. பாலம் இல்லை, கோபுரம் இல்லை, கடை இல்லை, குடைக்காரன் இல்லை. "ஐயோ, எல்லாம் போச்சே!" என்று உன் அம்மா எழுந்துவிட்டாள். "போகல ஆன்ட்டி, உள்ள இருக்கு. நெருப்புல தெரியும்" என்றாள் மேய் லிங். அம்மா நம்பவில்லை. எனக்கும் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வெள்ளைத் துணியைப் போர்த்தி உன்னை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தபோதும் பக்கத்தில் யாரோ ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மேய் லிங் சூளைக் கதவைத் திறக்கத் திரும்பினாள். அந்த நேரத்தில் உன் அம்மா பையிலிருந்து கோயில் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து, நீ வேலைக்குக் கிளம்பும்போது உன் நெற்றியில் பூசுகிற மாதிரியே, மூன்று விரலால் ஜாடியின் மேல் பக்கம் அழுத்தி ஒரு இழு இழுத்துவிட்டாள்.

மேய் லிங் திரும்பிப் பார்த்தாள். "அலமாக்! ஆன்ட்டி, இத்து அபா? என்ன அது?"

"சாம்பல். சாமி சாம்பல்."

"அய்யோ, அது மேல சாம்பல் போட்டா என்ன ஆகும்னு எனக்கே தெரியாது லா! உருகி ஓடும். ஓடிச் சூளைத் தட்டுல ஒட்டிக்கிட்டா ஜாடிய ஒடச்சுத்தான் எடுக்கணும்!"

உன் அம்மாவின் முகம் செத்துப்போனது. துடைக்கக் கையை நீட்டினாள். மேய் லிங் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.  பிறகு மேய் லிங் மெதுவாகச் சொன்னாள். "விடுங்க. தொடச்சா உள்ள இருக்கறதும் போயிடும். எங்க தாத்தா காலத்துல சாம்பலத்தான் பூசுவாங்களாம். சாம்பலும் கண்ணாடியாகும் ஆன்ட்டி."

அன்று பகல் முழுக்கச் சூளை எரிந்தது. ஆறுவதற்கு மறுநாளும் போயிற்று. அந்த நேரத்தில் உன் அம்மா ஒரு வாய் சாப்பிடவில்லை. "என் கையாலேயே கெடுத்துட்டேன். பூசாம இருந்திருக்கலாம். பழக்கதோசம்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். நெருப்புக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு முன்பே தெரியும். இரண்டாவது தடவை என்பதால் ஒன்றும் லேசாக இல்லை.

மேய் லிங் போன் செய்தபோது, "வாங்க" என்று மட்டும் சொன்னாள். நல்லதா கெட்டதா என்று குரலில் தெரியவில்லை. பஸ்ஸில் நான் ஒரு பலகையும் படிக்கவில்லை.

ஜாடி உன் மேசைமேல் இருந்தது. உடையவில்லை. வெள்ளை எல்லாம் எங்கேயோ போய், உள்ளே இருந்த ஊர் ஈரம் காயாத மாதிரி பளபளவென்று வெளியே வந்து நின்றது. ஆனால் வானத்தில் மாற்றம். அம்மா பூசின திருநீறு உருகி, பட்டையாக நிற்காமல், சாம்பலும் பச்சையுமாக மெல்லிய கோடு கோடாகக் கீழே வழிந்திருந்தது. கடைகளின் கூரைமேல், காலிப் பலகைகளின்மேல், பஸ் நிற்கிற இடத்தின்மேல் வழிந்து, அடியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. ஒரே மழை, கண்ணு. உன் டவுனில் மழை பிடித்துக்கொண்டது.

உன் அம்மா கிட்டே போனாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அந்த வெள்ளைச் சட்டை ஆளைப் பார்த்துவிட்டாள். நீ போன நாளிலிருந்து அவள் குரலில் நான் கேட்காத ஒன்று அப்போது வந்தது.

"கொடையக் கக்கத்துல வச்சுக்கிட்டே நனையறாரு பாருங்க இந்த மனுசன்" என்றாள்.

சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதியில் அது வேறாகிவிட்டது. மேய் லிங் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் வெளியே வந்து ஐந்தடி நடைபாதையில் நின்றேன். எதிரே ஏதேதோ பலகைகள். எதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் தெரியாது. கண் நிறைந்திருந்ததால் எழுத்துத் தெரியவில்லை. நிறம் மட்டும்தான் தெரிந்தது.

ஜாடி இப்போது அடுப்படியில் இருக்கிறது. அலமாரியில் வைக்கலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. அதில் உப்பைக் கொட்டி வைத்திருக்கிறாள். "உப்பு ஜாடின்னா காலியா விட மாட்டேன். தெனமும் கை வைக்கணும்ல" என்றாள். ஒவ்வொரு வேளையும் மூடியைத் திறக்கும்போது கையை ஒரு தடவை ஜாடியின்மேல் வைத்து எடுக்கிறாள். விரலில் ஒன்றும் ஒட்டுவதில்லை.

நேற்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் திடீரென்று, "ஏங்க, இது என்ன கடை?" என்று கேட்டாள். "பல் கடை" என்றேன். "இது?" "மூணு ஜன்னல்." "அந்த நீலக் கதவு?" "அது நீலக் கதவுதான்." அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். இந்தப் பெயர்கள் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாளே. நீ போன பிறகு அந்த ஊரில் நான் ஒருத்தன்தான் மிச்சம். நானும் போய்விட்டால் அது வெறும் கடை வரிசைதானே?

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவைப் பஸ்ஸில் டவுனுக்குக் கூட்டிப் போகப்போகிறேன். அவள் பலகையைப் படிப்பாள், நான் அதன் பெயரைச் சொல்வேன். எதை நம்புவது என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும். திரும்பி வந்ததும், அடுத்த வாரம், எங்கே இறங்கினோம், எங்கே டீ குடித்தோம், சேவல் இருந்த சுவரில் அவள் என்ன பார்த்தாள் என்று எல்லாம் உனக்கு எழுதுகிறேன். அதற்குள் 'ண' கொஞ்சம் திருந்திவிடும்.

குடையும் எடுத்துக்கொண்டு போகிறேன். மழை வந்தால் விரிக்கிறேன், சத்தியம். ஒரு கை இப்போது காலியாகத்தான் இருக்கிறது.

கஸ்தூரியின் அப்பா,
மாணிக்கம்